பழ ஈக்களில் பண்பு வேறுபாட்டின் மரபியல் அடிப்படை: ‘பண்பிற்கான மரபணு’ என்னும் வழக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு பண்பு உருவாவதற்கு வேண்டிய மரபணு எது என்பதும், அப்பண்பில் உயிரிகளுக்கிடையே காணப்படும் வேறுபாட்டைத் தோற்றுவிக்கும் மரபணு வேறுபாடு எது என்பதும் இரு வேறு வினாக்களாகும். முன்னதற்குப் பெறப்படும் விடையைப் பின்னதற்கு உரியதாகக் கொள்ளும் போக்கு ஆய்வுரைகளிலும் வகுப்பறை விளக்கங்களிலும் காணப்படுகிறது. டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்னும் பழ ஈயில் நூறாண்டுகளுக்கும் மேலாக நிகழ்ந்துவரும் ஆய்வுகளை, குறிப்பாக அமெரிக்காவின் ராலே நகரில் திரட்டப்பட்ட ஈக்களிலிருந்து உருவாக்கப்பட்ட மரபியல் ஒப்பீட்டுத் தொகுதியை, அடிப்படையாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை வேறுபடுத்திக் காட்டுகிறது. தொடர்பாய்வு முடிவுகளின் புள்ளியியல் வரம்புகள், மரபணுப் பின்னணியின் பங்கு, மெய்ப்பிப்புச் சோதனைகளின் பொருள் ஆகியன விளக்கப்படுகின்றன. ‘பண்பிற்கான மரபணு’ என்னும் தொடருக்கு மாற்றாக மூன்று வழக்குகள் முன்மொழியப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பழ ஈ, பண்பு வேறுபாடு, பல்மரபணுப் பண்புகள், தொடர்பாய்வு, எபிஸ்டாசிஸ், தூயவழி, அல்லீல்

முன்னுரை

1910ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மோர்கனின் ஆய்வகத்தில், செங்கண் பழ ஈக்களுக்கிடையே வெண்ணிறக் கண்களுடன் ஓர் ஆண் ஈ காணப்பட்டது. அதனைச் செங்கண் பெண் ஈக்களுடன் கலப்புச் செய்து அடுத்தடுத்த தலைமுறைகளைப் பின்தொடர்ந்த மோர்கன், அப்பண்பு பாலினத்துடன் பிணைந்து மரபுவழிச் செல்வதைக் கண்டார். மரபணுக்கள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என்னும் கொள்கைக்கு அது வலுவான சான்றாயிற்று. அந்த ஈயின் கண்நிற மாற்றத்திற்குக் காரணமான மரபணு இன்றும் ‘ஒயிட்’ என்றே அழைக்கப்படுகிறது.

இப்பெயரிலேயே ஒரு குழப்பம் தொடங்குகிறது. ஒயிட் மரபணு வெண்மையை உண்டாக்குவதன்று. கண்ணிலுள்ள நிறமிச் செல்களுக்குள் நிறமிகளின் முன்னோடிப் பொருள்களைக் கடத்தும் புரதத்திற்குரிய குறியீட்டை அது கொண்டுள்ளது. அது செவ்வனே இயங்கும்போது கண் சிவக்கிறது, பழுதுபடும்போது வெளுக்கிறது. அது மட்டுமன்றி, வெர்மிலியன், சின்னபார், பிரவுன், ஸ்கார்லெட் எனப் பல மரபணுக்கள் கண்ணின் நிறத்தில் பங்கேற்கின்றன. இவற்றுள் எதைச் செயலிழக்கச் செய்தாலும் நிறம் மாறும்.

எனினும், ஒரு பழத்தோட்டத்தில் நூறு பழ ஈக்களைப் பிடித்து நோக்கினால் அவற்றின் கண்கள் ஏறத்தாழ அனைத்தும் சிவப்பாகவே இருக்கும். அவ்வுயிரித்தொகையில் கண்நிற வேறுபாடு இல்லை. எனவே அவ்வேறுபாட்டில் ஒயிட் மரபணுவின் பங்கு என்று ஒன்று இல்லை. அதே நூறு ஈக்கள் உடல் அளவில், வயிற்றுப்பகுதி உணர்முடிகளின் எண்ணிக்கையில், பட்டினி தாங்கும் காலத்தில், குளிர் மயக்கத்திலிருந்து மீளும் விரைவில் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும். இவ்வேறுபாடுகளின் மரபியல் அடிப்படை என்ன என்னும் வினாவும், இதற்கு எத்தகைய சான்று போதுமானது என்னும் வினாவுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. பண்பும் பண்பு வேறுபாடும்

நெல் விளைவதற்கு நீர் இன்றியமையாதது. ஆயினும் ஒரே வாய்க்காலின் கீழ்ச் சம அளவு நீர் பெறும் பத்து வயல்களுக்கிடையே விளைச்சல் வேறுபட்டால், அவ்வேறுபாட்டிற்கு நீர் காரணமாகாது. விதை, எரு, மண் போன்றவற்றில் எது வயலுக்கு வயல் மாறுகிறதோ அதுவே காரணமாக இயலும். நீரை அடைத்துவிட்டால் பயிர் கருகும் என்பது உண்மையே. ஆனால் அச்சோதனை வயல்களுக்கிடையேயான வேறுபாட்டைப் பற்றி எதையும் உணர்த்துவதில்லை.

மரபணுக்களுக்கும் இது பொருந்தும். ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து விளைவைக் காண்பது முதல்வகை ஆய்வு. அது பண்பு உருவாகும் வழிமுறையை வெளிப்படுத்துகிறது. இயற்கை உயிரித்தொகையில் ஏற்கெனவே உள்ள டி.என்.ஏ. வேறுபாடுகளுள் எவை பண்பு வேறுபாட்டுடன் இணைந்து செல்கின்றன எனத் தேடுவது இரண்டாம் வகை. முதல்வகையில் ஆய்வாளர் வேறுபாட்டை உண்டாக்குகிறார். இரண்டாம் வகையில் இயற்கை உண்டாக்கி வைத்த வேறுபாட்டை அவர் விளக்குகிறார். பரிணாமம், நோய்க்கு ஆட்படும் தன்மை, கால்நடை மற்றும் பயிர் மேம்பாடு ஆகியவை குறித்த வினாக்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இயற்கைத் தேர்வு செயல்படுவது உயிரித்தொகையில் உண்மையில் நிலவும் வேறுபாடுகளின் மீதே ஆகும்.

வேறுபாட்டை அளக்கப் பயன்படும் அளவை பரவற்படி, அதாவது சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கச் சராசரி. ஒரு பண்பின் மொத்தப் பரவற்படியில் மரபணு வேறுபாட்டால் விளையும் பங்கே மரபுவழித்திறன் எனப்படுகிறது. இது ஓர் உயிரித்தொகையின் இயல்பே அன்றித் தனி ஈயின் இயல்பன்று. செங்கண் பழ ஈக்களின் தோட்டத்தில் கண்நிறத்தின் மரபுவழித்திறனைக் கணக்கிடுதல் பொருளற்றது. கண்நிறம் மரபணுக்களால் உருவாவதே. ஆயினும் அங்கே பகுத்தளிக்க வேறுபாடு இல்லை.

2. ஒற்றை மரபணுவிலிருந்து பல்மரபணுவுக்கு

மெண்டலின் காரணிகள் தெளிவான பிரிவுகளைத் தருவன. உடல் அளவோ உணர்முடி எண்ணிக்கையோ தொடர்ச்சியாக மாறுவன. இவ்விரண்டும் முரண்படுவதாகத் தோன்றிய காலத்தில், சிறு விளைவுடைய மெண்டலியக் காரணிகள் பல ஒன்றுகூடினால் தொடர்ச்சியான வேறுபாடு பிறக்கும் என்பதை ரொனால்டு ஃபிஷர் 1918இல் கணிதவழி நிறுவினார். அத்தகைய காரணிகளுக்குப் ‘பல்மரபணுக்கள்’ என்னும் கருத்தாக்கத்தைக் கென்னத் மேதர் 1941இல் முன்வைத்தார். பழ ஈயின் வயிற்றுப்பகுதி உணர்முடிகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த சோதனைகளில், தேர்வின் திசைக்கேற்பச் சராசரி எண்ணிக்கை தொடர்ந்து நகர்ந்தது. வெளியே தெரியாத மரபியல் வேறுபாடு உயிரித்தொகையினுள் பெருமளவில் சேமிக்கப்பட்டிருந்தது என்பதை இது காட்டியது. 1961இல் ஜே.எம். தோடே, கண்ணுக்குப் புலனாகும் அடையாள மரபணுக்களைத் துணைகொண்டு பல்மரபணுக்களின் இருப்பிடங்களைக் குரோமோசோமில் குறிக்க முடியும் எனக் காட்டினார்.

மூலக்கூறு நிலையில் வேறுபாடு எவ்வளவு என்பது அதன்பின் வெளிப்பட்டது. 1966இல் ரிச்சர்டு லெவொன்டினும் ஜான் ஹப்பியும் டிரோசோஃபிலா சூடோஅப்ஸ்கூரா என்னும் உறவினத்தில் புரதங்களை மின்புலத்தில் பிரித்து, எதிர்பார்த்ததைவிட மிகுதியான வேறுபாடுகளைக் கண்டனர். 1983இல் மார்ட்டின் கிரைட்மன், ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் மரபணுவின் 11 பிரதிகளை டி.என்.ஏ. வரிசை நிலையில் ஒப்பிட்டார். மெலனோகாஸ்டர் இனத்தைச் சேர்ந்த அவ்வீக்கள் வெவ்வேறு இயற்கை உயிரித்தொகைகளிலிருந்து பெறப்பட்டவை. 43 தளங்கள் வேறுபட்டிருந்தன. அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் புரதத்தின் அமினோ அமிலத்தை மாற்றியது. நொதியின் ‘வேக’, ‘மெது’ வடிவங்களைப் பிரிப்பது அவ்வொரு தளமே. வேறுபாடுகள் ஏராளம், அவற்றுள் பண்பை மாற்றுபவை எவை என்பதே அரிய வினா. இன்றைய ஆய்வுகள் எதிர்கொள்வதும் இதே வினாவைப் பேரளவில்தான்.

3. ராலே மரபியல் ஒப்பீட்டுத் தொகுதி

பழ ஈயின் மரபணுத்தொகுதி 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பின், டுரூடி மெக்கேயும் உடன் ஆய்வாளர்களும் வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரில் பிடிக்கப்பட்ட, கருவுற்ற காட்டுப் பெண் ஈக்களிலிருந்து தூயவழிகளை உருவாக்கினர். ஒவ்வோர் ஈயின் வழித்தோன்றல்களும் 20 தலைமுறைகள் உடன்பிறந்தவற்றுடனேயே கலப்புச் செய்யப்பட்டன. இதன் விளைவாக எதிர்பார்க்கப்படும் உட்கலப்புக் கெழு 0.986. அதாவது, ஒரு தூயவழிக்குள் உள்ள ஈக்கள் மரபியல் அடிப்படையில் ஏறத்தாழ ஒன்றே. தூயவழிகளுக்கிடையே இயற்கை வேறுபாடு நிலைபெற்றுள்ளது. 2012இல் 168 தூயவழிகளின் வரிசைகளும், 2014இல் 205 தூயவழிகளின் வரிசைகளும் வெளியிடப்பட்டன. பின்னதில் 48 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஒற்றை நியூக்ளியோடைடு வேறுபாடுகள் பதிவாயின.

இம்முறையின் ஆற்றல் அளவீட்டை மீண்டும் மீண்டும் நிகழ்த்த முடிவதில் உள்ளது. காட்டு ஈ ஒன்றின் பட்டினி தாங்கும் காலத்தை ஒருமுறைதான் அளக்க இயலும். அளவீடு முடியும்போது ஈயும் முடிந்துவிடும். தூயவழியிலோ அதே மரபணு ஆக்கத்தை உடைய எத்தனை ஈக்களையும் அளக்கலாம். விளக்கத்திற்காக, தூயவழிகளுக்கிடையேயான பரவற்படி 4 என்றும், தூயவழிக்குள் சூழலால் எழும் பரவற்படி 12 என்றும் கொள்வோம். தனி ஈயின் அளவில் மரபியல் பங்கு 16இல் 4, அதாவது 25 விழுக்காடு. ஒவ்வொரு தூயவழியிலும் 20 ஈக்களை அளந்து சராசரி கண்டால் சூழற் பரவற்படி 0.6 ஆகச் சுருங்கும். அப்போது சராசரிகளில் மரபியல் பங்கு 4.6இல் 4, ஏறத்தாழ 87 விழுக்காடு. ஒரே தூயவழிகளை வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு பண்புகளுக்கு அளக்கலாம் என்பதால், ஆய்வு முடிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் முடிகிறது.

மற்றொரு நன்மை பிணைப்புச் சமனின்மை விரைவில் குன்றுவதாகும். அருகருகே உள்ள தளங்கள் இணைந்தே மரபுவழிச் செல்லும் போக்கு, மனிதரில் ஆயிரக்கணக்கான நியூக்ளியோடைடுகளுக்கு நீள்வது. இத்தொகுதியின் உடற்குரோமோசோம்களிலோ சராசரியாக ஏறத்தாழ 10 நியூக்ளியோடைடுகளுக்குள்ளேயே பெரிதும் தளர்ந்துவிடுகிறது. எனவே தொடர்பு காணப்படும் தளத்திற்கு மிக அருகிலேயே காரணத்தைத் தேடலாம். குரோமோசோம் தலைகீழ்த் திருப்பங்கள் உள்ள பகுதிகளில் இவ்விதி தளரும். தூயவழிகளுள் ஏறத்தாழப் பாதியில் உல்பேக்கியா பாக்டீரியம் உறைகிறது. இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளாமல் செய்யப்படும் பகுப்பாய்வு பிழைபடும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. உட்கலப்பு, ஒடுங்கு நிலையில் மறைந்திருந்த தீய அல்லீல்களை வெளிப்படுத்தும். காட்டில் அரிதாகவே வெளிப்படும் விளைவுகள் தூயவழிகளில் பதிந்துவிடக்கூடும் என்பதை முடிவுகளைப் படிக்கும்போது மறத்தலாகாது.

4. தொடர்பாய்வு: எண்கள் கூறுவதும் மறைப்பதும்

தொடர்பாய்வில் ஒவ்வொரு தளத்திலும் தூயவழிகள் இரு பிரிவாகப் பகுக்கப்பட்டு, பண்பின் சராசரி ஒப்பிடப்படுகிறது. ஏறத்தாழ 20 இலட்சம் தளங்கள் இவ்வாறு சோதிக்கப்படுவதாகக் கொள்வோம். வழக்கமான நூற்றுக்கு 5 என்னும் எல்லையைப் பின்பற்றினால், எத்தளமும் உண்மையில் தொடர்பற்றதாயினும் 1 இலட்சம் தளங்கள் தொடர்புடையனவாகத் தோன்றும். சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லையை இறுக்கினால் அது 4 கோடியில் ஒன்று என்றாகும். இத்தொகுதியைப் பயன்படுத்தும் ஆய்வுகள் பலவும் இலட்சத்தில் ஒன்று என்னும் இடைப்பட்ட எல்லையைக் கையாள்கின்றன. அவ்வெல்லையில் தற்செயலாகவே ஏறத்தாழ 20 தளங்கள் எதிர்பார்க்கத்தக்கன.

எல்லையைக் கடந்த தளங்களின் விளைவளவைப் பொருள்கொள்வதில் மேலும் நுட்பமான சிக்கல் உண்டு. 205 தூயவழிகளில் ஒரு தளம் இலட்சத்தில் ஒன்று என்னும் எல்லையைக் கடக்க வேண்டுமாயின், தூயவழிச் சராசரிகளின் பரவற்படியில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையேனும் அது விளக்குவதாகத் தோன்ற வேண்டும். 4 கோடியில் ஒன்று என்னும் எல்லைக்கு ஏறத்தாழ 14 விழுக்காடு வேண்டும். இது எவ்வுயிரியையும் பற்றிய கண்டுபிடிப்பன்று; மாதிரியின் அளவிலிருந்து நேரே பெறப்படும் கணக்கு. உண்மையில் 2 விழுக்காட்டை மட்டுமே விளக்கும் ஒரு தளம் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால், தற்செயல் அதனை 9 விழுக்காட்டிற்கு மேல் உயர்த்தியிருக்க வேண்டும். அவ்வாறு இடம்பெற்ற 12 தளங்களின் பங்குகளைத் தனித்தனியே கூட்டினால் 100 விழுக்காட்டைத் தாண்டிவிடும். தேர்ந்தெடுக்கும் செயலே அளவை மிகைப்படுத்தும் இந்நிலை அளவுசார் மரபியலில் பீவிஸ் விளைவு எனப்படுகிறது.

அரிய அல்லீல்களில் இச்சிக்கல் கூடும். 5 விழுக்காடு நிகழ்வெண் உடைய அல்லீல் 205இல் ஏறத்தாழ 10 தூயவழிகளிலேயே இருக்கும். அவற்றுள் இரண்டொன்று வேறு காரணங்களால் மிக உயர்ந்த அளவுகளைக் கொண்டிருந்தால் அத்தளம் பட்டியலின் முதலிடத்திற்கு வந்துவிடும்.

ஆதலால் தொடர்பாய்வுப் பட்டியலைக் கருதுகோள்களின் பட்டியலாகக் கொள்ளுதல் வேண்டும். அதனை நம்பத்தக்கதாக்குவது வேறோர் உயிரித்தொகையில் மீளக் காணப்படுவதே. பெண் ஈக்களின் வயிற்றுப்பகுதி நிறச்செறிவு இதற்கு நல்ல சான்று. வியன்னாவிலும் வட இத்தாலியிலும் திரட்டப்பட்ட ஈக்களைக் கொண்டு 2013இல் வெளியான ஆய்வு, டேன், பிரிக்-அ-பிராக் 1 ஆகிய மரபணுக்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வலுவான தொடர்பைக் கண்டது. ராலே தொகுதியில் 2015இல் வெளியான ஆய்வும் இவ்விரு மரபணுக்களையும், எபனி மரபணுவையும் சுட்டியது. கண்டம், சேகரித்த முறை, பகுப்பாய்வு முறை ஆகியவை வேறாயிருந்தும் முடிவு ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

5. மரபணுப் பின்னணியும் சூழலும்

எல்லாப் பண்புகளும் இவ்வாறு ஒத்துவருவதில்லை. 2012இல் மெக்கேயின் குழுவினர், 40 தூயவழிகளை ஒன்றோடொன்று கலந்து, 70 தலைமுறைகளுக்கு மேல் தடையின்றி இனப்பெருக்கம் செய்யவிட்ட ஒரு கலப்பு உயிரித்தொகையை உருவாக்கி, அதற்கு ஃபிளைலேண்ட் எனப் பெயரிட்டனர். பட்டினி தாங்கும் திறன், குளிர் மயக்கத்திலிருந்து மீளும் காலம், அதிர்வுக்குத் துலங்கும் இயக்கம் ஆகிய மூன்று பண்புகளிலும் இரு கோடிகளில் உள்ள ஈக்களின் அல்லீல் நிகழ்வெண்கள் ஒப்பிடப்பட்டன. மூதாதையர் ஒன்றே ஆயினும், தூயவழிகளில் தொடர்புடையனவாகக் காணப்பட்ட தளங்கள் ஃபிளைலேண்டில் மீளக் காணப்படவில்லை. தளங்கள் ஒன்றோடொன்று இடைவினை புரிவதே, அதாவது எபிஸ்டாசிஸே, இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் வாதிட்டனர்.

இவ்வாதத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். முதல் தளத்தின் ஓர் அல்லீல், இரண்டாம் தளத்தில் ‘அ’ வடிவம் இருக்கும்போது பண்பை 2 அலகு உயர்த்துவதாகவும், ‘ஆ’ வடிவம் இருக்கும்போது 2 அலகு தாழ்த்துவதாகவும் கொள்வோம். ஓர் உயிரித்தொகையில் ‘அ’ 90 விழுக்காடு எனில், முதல் தளத்தின் சராசரி விளைவு 1.6 அலகு உயர்வு. ‘அ’ 50 விழுக்காடு எனில் சராசரி விளைவு சுழி. ‘அ’ 20 விழுக்காடு எனில் 1.2 அலகு தாழ்வு. முதல் தளத்தின் உயிர்வேதியியல் இம்மூன்றிலும் ஒன்றே. ஆயினும் ஓரிடத்தில் அது பண்பை உயர்த்தும் அல்லீல், மற்றோரிடத்தில் விளைவற்றது, பிறிதோரிடத்தில் தாழ்த்துவது. விளைவு என்பது அல்லீலுக்கு மட்டும் உரியதன்று. அது வாழும் மரபணுப் பின்னணிக்கும் உரியது.

இருப்பினும் எபிஸ்டாசிஸ் ஒன்றே மீளாமைக்குக் காரணம் எனல் பொருந்தாது. மேலே கண்ட பீவிஸ் விளைவும் குறைந்த மாதிரி அளவும் மட்டுமே இருந்தாலும் இதே மீளாமை எதிர்பார்க்கத்தக்கது. முதல் பட்டியலில் மிகைப்படுத்தப்பட்ட தளங்கள் இரண்டாம் பட்டியலில் தம் உண்மையான சிறு அளவுக்குத் திரும்பி மறைந்துவிடும். இவ்விரு விளக்கங்களையும் பிரித்தறிய, ஒரே அல்லீலைப் பல பின்னணிகளில் வைத்து நேரே அளத்தல் வேண்டும்.

சூழலுக்கும் இடத்திற்கும் பங்குண்டு. இந்தியாவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வு, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல மெலனோகாஸ்டர் ஈக்களின் பட்டினி தாங்கும் திறன் குறைவதையும், வறட்சி தாங்கும் திறன் கூடுவதையும் காட்டியது. இவ்வெதிர்ச் சரிவு வேறு இரு பழ ஈ இனங்களிலும் காணப்பட்டது. ராலேயில் பட்டினி தாங்கும் திறனுடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட ஒரு தளம் தென்னிந்திய ஈக்களிலும் அதே பங்கை ஆற்றும் என முன்கூட்டியே கொள்வதற்கு இடமில்லை. அது இங்கேயே சோதித்து அறிய வேண்டியது.

6. பேரளவு விளைவுடைய அல்லீல்கள்

மேற்கூறியவற்றால், ஒற்றை அல்லீலின் பெரிய விளைவு என்பதே இல்லை என முடிவு செய்துவிடக் கூடாது. டிரோசோஃபிலா சி வைரஸ், சிக்மா வைரஸ் ஆகியவற்றை எதிர்க்கும் திறனை ராலே தொகுதியில் ஆராய்ந்தபோது, பாஸ்ட்ரல் போன்ற ஒருசில மரபணுக்களின் வேறுபாடுகளே எதிர்ப்புத்திறன் வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குவது 2012இல் தெரியவந்தது. டி.டி.டி. எதிர்ப்பில், சிப்6ஜி1 மரபணுவின் அருகே இடம்பெயர் மரபுக்கூறு ஒன்று செருகப்பட்டிருப்பதும், அதனால் அம்மரபணுவின் வெளிப்பாடு மிகுவதும் 2002இல் காட்டப்பட்டன.

பட்டினி தாங்குவதற்கும் வைரஸை எதிர்ப்பதற்கும் இடையே இவ்வேற்றுமை ஏன்? நெடுங்காலமாக ஒரு நடுநிலை அளவைச் சுற்றி நிலைபெற்ற பண்புகளில், பெரிய விளைவுடைய அல்லீல்களை இயற்கைத் தேர்வு களைந்துவிட, சிறியவை எஞ்சுகின்றன எனலாம். வைரஸும் பூச்சிக்கொல்லியும் அண்மையில் தோன்றிய, அல்லது தொடர்ந்து மாறிவரும் அழுத்தங்கள். அங்கே பெரிய விளைவுடைய அல்லீல் ஒன்று விரைந்து பரவ இடமுண்டு. எனவே பண்பின் மரபியல் கட்டமைப்பு அதன் தேர்வு வரலாற்றோடு இணைந்தது.

இளம்புழுக்களின் இரை தேடும் நடத்தையும் இங்குக் கருதத்தக்கது. உணவின்மேல் நெடுந்தொலைவு ஊர்பவை ‘அலைவோர்’ என்றும், சிறுதொலைவே ஊர்பவை ‘அமர்வோர்’ என்றும் கூறத்தக்க இருவகைகளை மார்லா சோகொலோவ்ஸ்கி 1980இல் விவரித்தார். இயற்கை உயிரித்தொகைகளில் முன்னவை ஏறத்தாழ 70 விழுக்காடும் பின்னவை 30 விழுக்காடும் காணப்பட்டன. 1997இல் அவ்வேறுபாடு ஃபோரேஜிங் மரபணுவுக்குரியது எனவும், அது ஒரு புரத கைனேஸ் நொதிக்கான குறியீட்டைக் கொண்டது எனவும் காட்டப்பட்டது. அமர்வோரில் அந்நொதியின் செயல்பாடு குறைவு; அவற்றில் அம்மரபணுவின் வெளிப்பாட்டைக் கூட்டியபோது அவை அலைவோர் போல் நடந்துகொண்டன. இயற்கையில் நிலவும் வேறுபாட்டின் திசையிலேயே சோதனை மாற்றமும் அமைந்தமையால் இச்சான்று வலுவுடையதாகிறது.

7. மெய்ப்பிப்பு எதை மெய்ப்பிக்கிறது?

தொடர்பாய்வுப் பட்டியலில் இடம்பெற்ற மரபணுக்களை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் ஒடுக்கி, பண்பு மாறுகிறதா எனக் காண்பது இன்று பரவலான நடைமுறை. மாறினால் ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என எழுதப்படுகிறது. இரு வினாக்களும் ஒன்றாகக் குழம்பும் இடம் இதுவே.

குறுக்கீட்டுச் சோதனை முதல்வகை வினாவுக்கே விடையளிக்கிறது: அம்மரபணு பண்பிற்கு வேண்டியதா? தொடர்பாய்வு எழுப்பிய வினாவோ வேறு: அத்தளத்தில் இயற்கையாக உள்ள வேறுபாடு ஈக்களுக்கிடையே வேறுபாட்டை உண்டாக்குகிறதா? வாய்க்காலை அடைத்துப் பயிர் கருகுவதைக் காட்டிவிட்டு, வயல்களின் விளைச்சல் வேறுபாடு விளக்கப்பட்டது என்று கூறுவதற்கு இது ஒப்பாகும். மேலும், பட்டினி தாங்குதல் போன்ற பண்புகள் உடலின் பல செயல்களைச் சார்ந்தவை. கண்மூடித் தேர்ந்தெடுத்த மரபணுக்களுள் பலவற்றை ஒடுக்கினாலும் அவை மாறக்கூடும். பட்டியலிலிருந்து எடுத்த 10 மரபணுக்களில் 6 விளைவு காட்டின என்னும் செய்தி, பட்டியலில் இடம்பெறாத 10 மரபணுக்களில் எத்தனை விளைவு காட்டின என்பது தெரியாதவரை மதிப்பற்றது. ஒப்பீட்டுக் குழு இல்லாத இத்தகைய சோதனையை மதிப்பீட்டாளர்கள் ஏற்றல் ஆகாது.

இரண்டாம் வகை வினாவுக்குரிய சோதனை அல்லீல் மாற்றீடு ஆகும். கிரிஸ்பர் முறையில் ஒரு தூயவழியின் குறிப்பிட்ட நியூக்ளியோடைடை மட்டும் மற்ற வடிவத்திற்கு மாற்றி, ஏனைய அனைத்தும் ஒன்றாக இருக்கும் இரு வகை ஈக்களை ஒப்பிடுதல் வேண்டும். அதனை ஒரு பின்னணியில் மட்டுமன்றிப் பல பின்னணிகளில் செய்தால், அல்லீலின் விளைவையும் பின்னணியோடு அது கொள்ளும் இடைவினையையும் ஒருங்கே அறியலாம். உழைப்பும் செலவும் மிகுந்த முறை இது. எதிர்பார்க்கும் விளைவு சிறிதாயின் அளக்க வேண்டிய ஈக்களின் எண்ணிக்கையும் பெருகும். வசதி குறைந்த ஆய்வகங்களில் இது இயலாதபோது, பெற்ற சான்றின் அளவுக்கே கூற்றையும் அமைத்துக்கொள்ளலாம்.

8. சொல்வழக்கு குறித்த முன்மொழிவு

‘பட்டினி தாங்கும் திறனுக்கான மரபணு’ என எழுதும்போது, ‘கு’ உருபு எவ்வுறவைச் சுட்டுகிறது? நான்காம் வேற்றுமை கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை எனப் பல பொருள்களில் வரும் என்பதைத் தமிழ் இலக்கணம் பயின்றோர் அறிவர். அன்றாட வழக்கில் இந்நெகிழ்வு பயனுடையது. அறிவியல் உரையிலோ அது இரு வினாக்களையும் ஒரே சொல்லுக்குள் மறைத்துவிடுகிறது. எனவே பின்வரும் மூன்று வழக்குகளைச் சான்றின் வகைக்கேற்பக் கையாளலாம்.

முதலாவது, ‘பண்பிற்கு வேண்டிய மரபணு’. மரபணுவைச் செயலிழக்கச் செய்தோ ஒடுக்கியோ பெறும் முடிவுகளுக்கு இது உரியது. இரண்டாவது, ‘பண்பு வேறுபாட்டுடன் தொடர்புடைய தளம்’. தொடர்பாய்வு முடிவுகளுக்கு இதற்கு மேல் கூறலாகாது. எந்த உயிரித்தொகையில், எந்தச் சூழலில், எப்பாலினத்தில் என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். மூன்றாவது, ‘பண்பு வேறுபாட்டை உண்டாக்கும் அல்லீல்’. அல்லீல் மாற்றீடு அல்லது அதற்கு நிகரான சான்று இருக்கும்போது மட்டும் இது பொருந்தும். மூன்றாம் வேற்றுமைக்கு இலக்கணம் வகுத்தோர் கருத்தாவையும் உடனிகழ்ச்சியையும் வேறு வேறு பொருள்களாகப் பிரித்து வைத்தனர். இங்கு வேண்டப்படுவதும் அப்பிரிப்பே: தொடர்பாய்வு காட்டுவது உடனிகழ்ச்சி, கருத்தாவை நிறுவ வேறு சோதனை வேண்டும்.

முடிவுரை

பழ ஈயைப் பொறுத்தவரை, 205 தூயவழிகளின் முழு வரிசை கையில் உள்ளது. ஒரே மரபணு ஆக்கத்தை எத்தனை முறையும் அளக்கலாம். ஒற்றை நியூக்ளியோடைடையும் மாற்றிப் பார்க்கலாம். இத்தனை வசதிகள் இருந்தும், பட்டினி தாங்கும் திறன் போன்ற ஒரு பண்பின் வேறுபாட்டை முழுமையாகப் பகுத்துரைக்க முடியவில்லை. தூயவழிகளை உருவாக்கவோ விரும்பியபடி கலப்புச் செய்யவோ முடியாத மனிதரின் நோய், அறிவுத்திறன், நடத்தை ஆகியவற்றிற்கு ‘மரபணு கண்டுபிடிக்கப்பட்டது’ என வரும் செய்திகளை எவ்வளவு கவனத்துடன் ஏற்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. ஒரு குலத்தாரையோ வட்டாரத்தாரையோ பற்றி அத்தகைய கூற்றுகள் எழும்போது, அவற்றின் பிழை ஆய்விதழோடு நின்றுவிடுவதில்லை.

ஒயிட் மரபணுவை இன்றும் வகுப்பறையில் முதற் சான்றாகக் கற்பிக்கிறோம், கற்பிக்கவும் வேண்டும். ஆனால் அதனையடுத்து, ‘தோட்டத்து ஈக்களின் கண்நிற வேறுபாட்டில் இதன் பங்கு என்ன?’ என்னும் வினாவையும் மாணவர் முன் வைத்தல் நலம். ‘இல்லை’ என்னும் விடையை அவர்கள் தாமே கண்டடையும்போது, பண்பிற்கும் பண்பு வேறுபாட்டிற்கும் இடையேயான எல்லை அவர்களுக்குத் தெளிவாகும்.